சுவருக்கு இருபுறமும் இரண்டு தாய்மார்: ‘கீப்பிங் அப் வித் த கந்தசாமிஸ்’

காதல் நகைச்சுவை என்று விளம்பரம் செய்யப்பட்ட இந்தப் படத்தில் காதலர்கள் இருவரும்தான் மிகச் சாதாரணமான பகுதி. படத்தைத் தாங்கி நிற்பவர்கள் அவர்களைப் பெற்ற தாய்மார் இருவர். அந்த இருவரும் ஒன்றாகத் திரையில் வரும்போதெல்லாம் நாம் நிமிர்ந்து உட்காருகிறோம், அவர்கள் விலகியதும் மாலை நேரத் தொலைக்காட்சித் தொடரைப் பார்க்கும் சோர்வு வந்துவிடுகிறது. ‘கீப்பிங் அப் வித் த கந்தசாமிஸ்’ பற்றிய என் தீர்ப்பு ஏறக்குறைய இவ்வளவுதான். ஆனால் அந்த இரண்டு பெண்கள் தென்னாப்பிரிக்க இந்தியர்களான எங்களுக்கு ஏன் இத்தனை அசலாகத் தெரிகிறார்கள் என்பதைத் தமிழ்நாட்டிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ பினாங்கிலிருந்தோ படம் பார்க்கும் வாசகருக்கு விளக்க வேண்டுமானால், அவர்கள் குடியிருக்கும் ஊரைப் பற்றியும் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது.

படத்தை இயக்கியவர் ஜெயன் மூட்லி. தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதிக் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களைப் பற்றி ஆவணப்படம் எடுத்தவர். முழுநீளக் கதைப்படம் என்ற அளவில் இதுவே அவருக்கு முதல். திரைக்கதையை ரோரி பூத்துடன் சேர்ந்து எழுதியிருக்கிறார். தயாரித்தவர்கள் ஹெலனா ஸ்பிரிங்கும் ஜுனைத் அஹமதும். 2017 மார்ச்சில் படம் தென்னாப்பிரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தபோது அதைப் பார்க்க அஹமத் உயிரோடு இல்லை. இந்நாட்டு மக்கள்தொகையில் இந்திய வம்சாவளியினர் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை என்பதையும், அவர்களிலும் ஒரே ஒரு புறநகரைப் பற்றிய கதை இது என்பதையும் நினைத்துப் பார்த்தால், இந்தச் சிறிய படம் நல்ல வசூலும் மூன்று தொடர்ச்சிப் படங்களும் கண்டது எளிய காரியமன்று.

கதை சிறியது. ஜெனிபர் கந்தசாமியும் சாந்தி நாயுடுவும் நெடுங்காலமாக அண்டை வீட்டுக்காரர்கள்; அதே அளவு நெடுங்காலமாகப் பகையாளிகள். ஜெனிபர் உடையிலும் நடையிலும் வீட்டு அலங்காரத்திலும் தன்னை ஊருக்கே அரசியாக நினைத்துக்கொள்பவர். டர்பன் நகரப் பேச்சில் ‘லானி’ என்பார்களே, அந்த மேட்டிமைக்கு அச்சு அசலான உதாரணம். சாந்தி வீட்டையும் கணவனையும் மகனையும் தவிர வேறு உலகம் அறியாதவர். மகன் மூச்சுவிடக்கூட இடம் கொடுக்காமல் அன்பு செலுத்துபவர். ஜெனிபரின் மகள் ஜோடியும் சாந்தியின் மகன் பிரிஷனும் வீட்டுக்குத் தெரியாமல் காதலிக்கிறார்கள். விஷயம் தெரிந்ததும், ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க விரும்பாத அந்த இரண்டு தாய்மாரும் காதலைக் கலைப்பதற்காகக் கைகோத்துக்கொள்கிறார்கள். இந்தப் பகை எப்படி முளைத்தது என்பதற்கும் படத்தில் ஒரு பதில் இருக்கிறது. அதைப் பார்ப்பவர்களுக்கே விட்டுவிடுகிறேன்.

இனி ஊர். டர்பனின் தென்மேற்கே இருக்கும் சாட்ஸ்வொர்த் தானாக வளர்ந்த ஊர் அன்று. இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த 1950 ஆம் ஆண்டின் குழுப் பகுதிச் சட்டத்தின்கீழ், நகரத்துக்குள்ளும் அதன் ஓரங்களிலும் வாழ்ந்த இந்தியர்களை அப்புறப்படுத்தி, 1960களில் கொண்டுவந்து குடியேற்றிய இடம் அது. டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில் சொந்தமாகத் தகர வீடும் தோட்டமும் கோயிலும் வைத்திருந்தவர்கள், நகராட்சித் துப்புரவுப் பணியாளர்களாக மேகசின் பராக்ஸ் குடியிருப்பில் தலைமுறைகளாக வாழ்ந்த தமிழரும் தெலுங்கரும், இன்னும் பல இடங்களிலிருந்து பெயர்க்கப்பட்டவர்கள் எல்லாரும் எண்ணிட்ட யூனிட்டுகளுக்குள் பிரித்து அமர்த்தப்பட்டார்கள். ஒருபுறம் வெள்ளையர் குடியிருப்புகள், மறுபுறம் கறுப்பினத்தவருக்கென ஒதுக்கப்பட்ட உம்லாசி. இரண்டுக்கும் நடுவே தடுப்பாக இந்தியர்கள். நகராட்சி கட்டிக்கொடுத்த வீடுகள் பெரும்பாலும் இரண்டிரண்டாக ஒட்டிப் பிறந்தவை, நடுச்சுவர் பொதுச்சுவர். அடுத்த வீட்டில் எண்ணெய் காய்ந்தால் இந்த வீட்டில் தெரியும், அங்கே மாமியாரும் மருமகளும் குரல் உயர்த்தினால் இங்கே வானொலியின் ஒலியைக் குறைத்துவிட்டுக் கேட்பார்கள். அண்டை வீட்டாரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லாமல், அரசாங்கம் பக்கத்தில் வைத்தவரோடு ஆயுள் முழுவதும் வாழ்ந்தாக வேண்டிய ஊரில் பகையும் பாசமும் இத்தனை நெருக்கமாகக் கலந்து கிடப்பதில் வியப்பில்லை.

மூட்லி இந்த வரலாற்றைப் படத்தில் பாடமாக நடத்தவில்லை, அது நல்ல முடிவு. ஆனால் அந்த வரலாறு ஜெனிபரின் பாத்திரத்துக்குள் ஒளிந்திருக்கிறது. நிறவெறி ஆட்சி முடிந்த 1994க்குப் பிறகு கையில் காசு சேர்ந்த இந்தியக் குடும்பங்கள் பல, உம்லாங்கா பக்கம், லா லூசியா பக்கம் கடலைப் பார்த்துக் குடிபோய்விட்டன. கந்தசாமி குடும்பத்துக்கும் அந்த வசதி இருப்பது அவர்கள் வீட்டைப் பார்த்தாலே தெரிகிறது. ஆனாலும் ஜெனிபர் போகவில்லை. படம் இதற்குக் காரணம் சொல்லாவிட்டாலும் ஜெனிபராக வரும் ஜெய்லோஷினி நாயுடுவின் நடிப்பு சொல்லிவிடுகிறது: உம்லாங்காவில் அவர் பத்தோடு பதினொன்று, சாட்ஸ்வொர்த்தில் மட்டுமே அவர் அரசி. அவருடைய பகட்டைப் பார்த்து வயிறெரிய ஒரு சாந்தி பக்கத்து வீட்டில் இருந்தாக வேண்டும். சாந்திக்கும், தன் எளிமையை ஒழுக்கமாகக் காட்டிக்கொள்ள, எதிரே ஒரு பகட்டுக்காரி தேவைப்படுகிறாள். இந்தப் பரஸ்பரத் தேவையைத்தான் நான் படத்தின் உண்மையான கதை என்று எண்ணுகிறேன். பிள்ளைகளின் காதல் அதை வெளிக்கொண்டுவரும் ஒரு சாக்கு.

ஜெய்லோஷினி நாயுடு மேடையிலிருந்து வந்தவர். கேட்டோ மேனர் மக்களைப் பற்றி ரோனி கோவெண்டர் எழுதிய கதைகளைத் தனி ஒருவராக மேடையில் நிகழ்த்தி, ஆண், பெண், கிழவர், குழந்தை என்று பல குரல்களில் பேசிப் பழகியவர். அந்தப் பயிற்சி இங்கே குறைத்துக்காட்டுவதற்குப் பயன்பட்டிருக்கிறது. ஜெனிபரை ஒரு கேலிச் சித்திரமாக்குவது மிக எளிது. புருவத்தை உயர்த்தி, உதட்டைச் சுழித்தால் போதும், அரங்கம் சிரிக்கும். அவரும் உயர்த்துகிறார், சுழிக்கிறார். ஆனால் அடுத்த நொடி யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கும்போது அந்த முகம் தளர்ந்து, உள்ளே ஒரு பயந்த பெண் இருப்பதைக் காட்டிவிடுகிறது. மகள் தன் கையை மீறிப் போய்விட்டால் தனக்கென்று மிஞ்சுவது ஓர் அழகான வீடு மட்டும்தான் என்ற பயம் அது.

மேஷ்னி நாய்க்கரின் சாந்தி வேறு வகை. அவருடைய நகைச்சுவை வசனத்தில் இருப்பதைவிட வசனம் முடிந்த பின்பு வருவதில் அதிகம்: வாய்க்குள் முணுமுணுப்பது, எதிராளி பேசும்போதே பதில் தயாராகி முகத்தில் ஓடுவது, பெருமூச்சை ஆயுதமாகப் பயன்படுத்துவது. எங்கள் வீடுகளில் இப்படி ஒரு சித்தியோ பெரியம்மாவோ இல்லாத குடும்பம் கிடையாது. அழகாகத் தோன்ற வேண்டும் என்ற கவலையே இல்லாமல் நடித்திருப்பது அவருடைய துணிவு. மகன் தன்னிடம் உண்மையை மறைத்தான் என்று அறிந்த தாயின் காயம் சிரிப்புக்கு நடுவே தலைகாட்டும்போது, இந்தப் படம் நகைச்சுவையிலிருந்து நாடகத்துக்குத் தாண்டுவதை நாம் கவனிக்காமலே தாண்டிவிடுகிறோம். என்னைக் கேட்டால் இருவரில் ஒரு மாற்று கூடுதலாக இவருக்கே கொடுப்பேன்.

காதலைக் கலைக்க இருவரும் சேர்ந்து சதித்திட்டம் தீட்டும் நடுப்பகுதி படத்தின் சிகரம். தமிழ்ப் படங்களில் தாய் என்றால் தியாகம், கண்ணீர், தெய்வம் என்றே பார்த்துப் பழகிய நமக்கு, இரண்டு நடுத்தர வயதுப் பெண்கள் மாணவிகளைப்போல் திட்டம் போட்டு, சொதப்பி, ஒருவரை ஒருவர் குற்றம் சாட்டி, தம்மை அறியாமலே தோழிகளாகிக்கொண்டிருப்பதைப் பார்ப்பது புதிய மகிழ்ச்சி. கணவர், பிள்ளைகள் பற்றிய பேச்சு ஓய்ந்து, அவர்கள் தம்மைப் பற்றியே பேசத் தொடங்கும் இடங்கள் குறைவு. இன்னும் கொஞ்சம் நேரம் அங்கே நின்றிருக்கலாமே என்று ஏங்க வைப்பவை.

கணவர்களாகக் கூபேஷன் நாயுடுவும் ராஜேஷ் கோபியும் வருகிறார்கள். மனைவியர் பேசிக்கொள்ளாத காலத்திலும் எல்விஸும் பிரெகியும் நட்பைக் காப்பாற்றிக்கொண்டே வந்திருப்பது உள்ளூர் உண்மை. ஆண்கள் சண்டைக்குள் நுழைவதில்லை, மதில் மேல் சாய்ந்து காத்திருப்பார்கள். கோபி தானே எழுதித் தனியாக நடித்த நாடகத்தால் இந்நாட்டில் பெயர் பெற்றவர். அப்படிப்பட்ட நடிகரை வைத்துக்கொண்டு இவ்வளவு சிறிய வேலை கொடுத்திருப்பது வீண். ஆயாவாக வரும் மரியம் பாசா, வரும் நேரமெல்லாம் காட்சியைத் திருடிக்கொண்டு போகிறார். பாட்டியை ஆயா என்று அழைக்கும் எங்கள் வழக்கம் தமிழ்நாட்டின் வடமாவட்டங்களிலிருந்து கப்பலேறி வந்தது. அந்த ஆயாக்கள் எல்லாவற்றையும் கேட்டும் கேளாதவர்போல் இருப்பார்கள் என்பது தெரிந்தவர்களுக்கு, இந்தப் பாத்திரத்தின் குறும்பு இன்னும் கூடுதலாகச் சுவைக்கும்.

மகள் ஜோடியாக மிஷ்கா பார்த்திபலும் மகன் பிரிஷனாக மதுஷன் சிங்கும் அழகாக இருக்கிறார்கள், இயல்பாகப் பேசுகிறார்கள். அதற்கு மேல் சொல்ல அதிகம் இல்லை. ஒருவரை ஒருவர் ஏன் விரும்பினார்கள் என்பதைத் திரைக்கதை நமக்குக் காட்டாமல் தெரிவித்துவிட்டு நகர்கிறது.

ஆனால் இந்தக் காதலைப் பற்றித் தமிழ் வாசகர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கந்தசாமி தமிழ்ப் பெயர். ஒரு காலத்தில் யாரோ ஒரு முன்னோருக்கு இடப்பட்ட பெயர், குடியேற்றப் பதிவேட்டின் புண்ணியத்தால் குடும்பப் பெயராகவே உறைந்துவிட்டது. நாயுடு இங்கே பொதுவாகத் தெலுங்குக் குடும்பத்தைக் குறிக்கும். தமிழ்நாட்டில் இதே கதையை எடுத்தால் பெற்றோரின் எதிர்ப்புக்கு மொழியோ சாதியோ காரணமாக வந்து நிற்கும், படமும் வேறு வண்ணத்தில் முடியும். இங்கே அந்தப் பேச்சே எழவில்லை. 1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து வந்த ‘ட்ரூரோ’ கப்பல் டர்பனில் நங்கூரமிட்டது முதல் 1911 வரை வந்து சேர்ந்த ஒன்றரை லட்சம் பேர், ஒரே கப்பல் தளத்தில் உண்டு, ஒரே தோட்டத்து லயத்தில் உறங்கியதில் அந்த வேலிகளில் பல சரிந்துபோயின. முழுவதும் சரிந்தன என்று நான் சொல்லமாட்டேன். கல்யாணப் பேச்சு எடுக்கும்போது ‘அவர்கள் தெலுங்கு ஆட்களா?’ என்று மெல்லக் கேட்கும் பெரியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். எனினும் இரண்டு தாய்மாரின் தன்மானத்தைத் தவிர வேறு தடை இல்லாத ஒரு காதல் கதை எங்கள் சமூகத்தில் நம்பும்படியாக நிற்கிறது என்பதே ஒரு செய்தி.

தமிழ் வசனம் எதிர்பார்த்துப் பார்க்க உட்காருபவர்கள் ஏமாந்துபோவார்கள். படம் முழுவதும் ஆங்கிலம். அதுவும் சாட்ஸ்வொர்த் ஆங்கிலம். தமிழின் வினையெச்ச அமைப்பும் தெலுங்கின் இழுப்பும் இந்தியின் சொற்களும் ஆப்பிரிக்கான்ஸின் காரமும் ஸூலுவின் விளிப்பும் கலந்த அந்தப் பேச்சைத் திரையில் கேட்பது எங்களுக்குத் தனி இன்பம், ஏனெனில் பள்ளிக்கூடத்திலும் அலுவலகத்திலும் ஒளித்துவைக்கச் சொல்லிக்கொடுக்கப்பட்ட பேச்சு அது. மூட்லி அதை வெளியாருக்காகத் துலக்கிச் சுத்தம் செய்யவில்லை. அதே சமயம், மலிவு விலைக் குறுந்தகடுகளில் விற்றுவந்த உள்ளூர் நகைச்சுவைப் படங்கள் செய்ததுபோல் அந்த உச்சரிப்பையே நகைச்சுவையாக்கவும் இல்லை. பாத்திரங்கள் அப்படிப் பேசுகிறார்கள், அவ்வளவுதான். வெளியூர்ப் பார்வையாளர்கள் முதல் பத்து நிமிடம் துணைத்தலைப்புகளைப் போட்டுக்கொள்வது நல்லது. பிறகு காது பழகிவிடும்.

டர்பனின் கிரே தெரு வட்டாரத்தில் ஷா ஜஹான், அவலோன், ராஜ் என்று இந்தியர்களுக்கான திரையரங்குகள் இருந்த காலத்தில் எங்கள் பெற்றோர் சென்னையிலிருந்து வந்த படங்களைப் பார்க்கக் குடும்பத்தோடு அணிவகுத்துப் போனார்கள். அந்தப் படங்களில் தாம் விட்டுவந்த ஊரைத் தேடினார்கள். தாம் வாழ்ந்துகொண்டிருந்த ஊர் அவற்றில் ஒருபோதும் வராது. சாட்ஸ்வொர்த்தின் மேடும் பள்ளமுமான தெருக்களும், ஒட்டு வீட்டின்மேல் காசு சேரச் சேர எழுப்பிய மாடிகளும், வாசலில் நட்ட கொடிக்கம்பங்களும் பெரிய திரையில் தெரிந்தபோது உள்ளூர் மக்கள் திரண்டு போனதற்கு இந்த நீண்ட பசியும் ஒரு காரணம். அந்தப் பரிவில் படத்தின் குறைகளையும் மன்னித்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன். விமர்சகர் அப்படி மன்னிக்கத் தேவையில்லை.

குறைகளில் முதலாவது, அறிமுக இயக்குநருக்கே உரிய அவநம்பிக்கை. ஒரு காட்சி சிரிப்பாக இருக்கிறது என்பதை நடிகர்கள் காட்டிய பிறகும் பின்னணி இசை வந்து விலாவில் இடிக்கிறது. மேஷ்னி நாய்க்கரின் ஒரு பார்வையே போதுமான இடத்தில் அந்தப் பார்வைக்கு விளக்கமாக ஒரு வசனமும் வருகிறது. இரண்டாவது, முடிவின் அவசரம். ஏறக்குறைய ஒன்றரை மணி நேரப் படத்தில் பல்லாண்டுப் பகை அவிழ்வதற்குக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. காயங்கள் வெளியே வந்து, மன்னிப்பும் கேட்கப்பட்டு, எல்லாரும் சிரித்த முகத்தோடு நிற்கிறார்கள். இந்த ஊரில் ஒரு வார்த்தைக்காகப் பத்து வருடம் கல்யாணத்துக்கும் சாவுக்கும் போகாமல் இருந்தவர்களை அறிந்தவர்கள் இதை நம்புவது கடினம். ஒளிப்பதிவு துப்புரவாக இருக்கிறது. எல்லாம் வெளிச்சம், எல்லாம் பளிச்சென்ற நிறம்.

மூன்றாவது குறையைக் குறை என்று சொல்வதா, தேர்வு என்று சொல்வதா என்பதில் எனக்கே தயக்கம் உண்டு. சாட்ஸ்வொர்த்துக்கு இன்னொரு முகம் இருக்கிறது. 2000 ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், வாடகை பாக்கிக்காக நகராட்சி அடுக்குமாடிகளிலிருந்து ஏழைக் குடும்பங்களை வெளியேற்ற வந்தபோது பெண்களே படிக்கட்டுகளை மறித்து நின்ற ஊர் அது; அந்தப் பெண்களில் இந்தியரும் இருந்தார்கள், கறுப்பினத்தவரும் இருந்தார்கள். ‘சுகர்ஸ்’ என்ற மலிவுப் போதைப்பொருள் பிள்ளைகளைத் தின்ற ஊரும் அதுவே. படத்தின் உலகம் பெரும்பாலும் வசதியான, பாதி வசதியான இந்தியக் குடும்பங்களுக்குள்ளேயே நின்றுவிடுகிறது; கறுப்பினத்தவரின் உம்லாசி ஓர் ஆற்றுக்கு அப்பால்தான் இருக்கிறது என்பது திரையில் தெரிவதில்லை. ஒரு குடும்ப நகைச்சுவை எல்லாவற்றையும் சுமக்க வேண்டும் என்று கேட்பது நியாயமில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். எங்களைப் பற்றிய படங்கள் ஆண்டுக்குப் பத்து வருமானால் இந்தக் கேள்வியையே எழுப்பியிருக்க மாட்டேன்.

குறைகளைக் கணக்கில் எடுத்த பிறகும், குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கத் தகுந்த படம் இது என்பதில் எனக்கு ஐயமில்லை. குறிப்பாகத் தாயும் வளர்ந்த பிள்ளைகளும் ஒரே அறையில் இருந்து பார்த்தால், யார் எந்த இடத்தில் சிரிக்கிறார்கள், யார் எந்த இடத்தில் தொண்டையைச் செருமிக்கொள்கிறார்கள் என்று பார்ப்பதும் ஒரு வேடிக்கை. ஆபாசமோ வன்முறையோ இல்லை. தமிழ்ப் பாட்டும் நடனமும் வேண்டுபவர்களும், திருப்பங்களுக்காகவே படம் பார்ப்பவர்களும் வேறு இடம் தேடிக்கொள்ளலாம். கதை எங்கே போய் முடியும் என்பது முதல் கால் மணி நேரத்திலேயே தெரிந்துவிடுகிறது.

தொடர்ச்சிப் படங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2019இல் வந்தது கல்யாணத்தைப் பற்றியது, 2021இல் நெட்ஃபிளிக்ஸில் வந்தது தம்பதிகளின் சுற்றுலாவைப் பற்றியது, 2023இல் வந்தது பேரக்குழந்தையின் பிறப்பை ஒட்டி எல்லாரையும் மொரிசியஸுக்குக் கொண்டுபோய்விடுகிறது. மூட்லியின் கை ஒவ்வொன்றிலும் தேர்ந்துகொண்டே போகிறது, காட்சிகளும் பணக்காரத்தனமாக ஆகிக்கொண்டே போகின்றன. ஆனால் ஜெனிபரையும் சாந்தியையும் கடற்கரை விடுதியில் கொண்டுபோய் வைத்தால் அவர்கள் விடுமுறைக்கு வந்த யாரோ இரண்டு பெண்களாகிவிடுகிறார்கள். அவர்கள் சண்டைக்கு அந்தப் பக்கத்து வீடு வேண்டும். ஆகவே வரிசையாகத் தொடங்குங்கள். கல்யாணப் படம் வரை தயங்காமல் போகலாம், சுற்றுலாவும் தீவும் நேரம் மிஞ்சியவர்களுக்கு.